படைப்பணியிலிருந்து செவிலியர் பட்டம் வரை: அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்குத் துணை நிற்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்கச் செவிலியர் கல்லூரிகளில் பாடம் நடத்தும் தமிழர்களும், மருத்துவமனை வார்டுகளில் மாணவர்களைப் பழக்கும் தமிழ் நர்ஸ்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த வழிகாட்டி அவர்களுக்காக. உங்கள் வகுப்பில் வந்து உட்காரும் முன்னாள் படைவீரர் பெரும்பாலும் மற்ற மாணவர்களைவிடச் சில வயது மூத்தவர், குடும்பஸ்தர், ரத்தத்தைக் கண்டு மிரளாதவர். இவருக்கு நம் உதவி எதற்கு என்று விட்டுவிடுகிறோம். இரண்டாவது செமஸ்டரில் பார்த்தால் அவருடைய இருக்கை காலியாக இருக்கிறது.

அப்படி விலகியவர்களில் பலருக்குப் பாடம் கடினமாக இருந்ததே இல்லை. ஒரு படிவம் தாமதமானது, வாடகைப் பணம் நின்றது, தேவையில்லாத பாடத்தில் பதிவு செய்தார்கள், தேர்வில் ஏன் தவறுகிறோம் என்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை. எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்ற வரிசை பிசகியதுதான் காரணம். ஆகவே கீழே உள்ளதை அதே வரிசையில் செய்யுங்கள்.

முன்னாள் படைவீரர் நலத்துறையை எல்லோரும் விஏ என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

## 1. பேச்சைத் தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மாணவர் உங்களைப் பார்க்க வரும்போதே இவற்றை எடுத்துவரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் வந்து சேர வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் இதுதான் முதல் வேலை.

- டிடி-214 எனப்படும் படைவிடுப்புச் சான்று. விடுப்பின் தன்மை குறிக்கப்பட்ட முழுப் பிரதியாக இருக்க வேண்டும். அது மறைக்கப்பட்ட சுருக்கப் பிரதியை வைத்துக்கொண்டு பலர் வருகிறார்கள். அது எங்கும் செல்லாது.
- ஜிஐ பில் (முன்னாள் படைவீரர்களின் படிப்புச் செலவை ஏற்கும் விஏ திட்டம்) தகுதிச் சான்று. 22-1990 படிவத்தை விஏ இணையதளத்தில் நிரப்பினால் கிடைக்கும். எத்தனை சதவீதம் தகுதி, எத்தனை மாதம் மீதம் என்ற இரண்டும் இதில்தான் தெரியும்.
- படைப்பணி டிரான்ஸ்கிரிப்ட், அதாவது படையில் பெற்ற பயிற்சிகளின் பதிவு. தரைப்படை, கடற்படை, மரீன், கடலோரக் காவல்படையினருக்கு ஜாயின்ட் சர்வீசஸ் டிரான்ஸ்கிரிப்ட். விமானப்படையினருக்கு அந்தப் படையின் சொந்தக் கல்லூரியான சிசிஏஎஃப் தரும் டிரான்ஸ்கிரிப்ட்.
- படைக்கால உடல்நலப் பதிவு, குறிப்பாகத் தடுப்பூசி விவரம்.
- சேவையால் ஏற்பட்ட உடல் அல்லது மனப் பாதிப்புக்கு விஏ சதவீதம் நிர்ணயித்திருந்தால் அந்தக் கடிதம்.

கடைசிக் காகிதத்தைக் கேட்கும்போது, "இதைக் காட்டுவது உங்கள் விருப்பம், ஆனால் எந்த நிதியை முதலில் எடுப்பது என்று முடிவு செய்ய இது உதவும்" என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். காரணம் தெரியாமல் யாரும் தங்கள் காயத்தைப் பற்றிய காகிதத்தை நீட்ட மாட்டார்கள்.

## 2. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் அங்கீகாரத்தைப் பாருங்கள்

சிசிஎன்இ, ஏசிஇஎன் ஆகியவை செவிலியர் படிப்புகளை அங்கீகரிக்கும் முக்கிய அமைப்புகள். மாநிலச் செவிலியர் வாரியத்தின் அனுமதி மட்டும் இருந்தால் உரிமத் தேர்வு எழுதலாம். ஆனால் இந்த அங்கீகாரம் இல்லாத படிப்பை முடித்தவர், விஏ மருத்துவமனையில் பதிவுபெற்ற செவிலியராகச் சேர முயலும்போது சிக்கலில் மாட்டுவார். பல முன்னாள் படைவீரர்களின் கனவு வேலையே அதுதான்.

"முன்னாள் படைவீரர்களை வரவேற்கிறோம்" என்று பெரிதாக விளம்பரம் செய்யும் கல்லூரிகளை நம்பிச் சேர்ந்து, ஜிஐ பில் மாதங்களைக் கரைத்துவிட்டு, அங்கே முடித்த பாடங்களுக்கான கிரெடிட்டை (பாட மதிப்பலகு) வேறு எங்கும் ஏற்கவில்லை என்று வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். கரைந்த மாதங்கள் பொதுவாகத் திரும்புவதில்லை. விஏ இணையதளத்தில் கல்லூரிகளை ஒப்பிடும் கருவி இருக்கிறது. அதில் மாணவர் புகார்களின் எண்ணிக்கைகூடத் தெரியும். விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் அதைத் திறந்து பாருங்கள்.

எச்ஆர்எஸ்ஏ என்ற மத்திய சுகாதார அமைப்பு 2013 முதல், முன்னாள் படைவீரர்களுக்கான செவிலியர் பட்டப் பிரிவுகளைத் தொடங்கச் சில பல்கலைக்கழகங்களுக்கு நிதி தந்தது. அந்த வழியில் உருவான பிரிவு எட்டும் தூரத்தில் இருந்தால் அங்கேயே முதலில் கேளுங்கள். படைப்பயிற்சிக்குக் கிரெடிட் தருவதில் அவர்களுக்குப் பழக்கம் இருக்கும்.

## 3. எந்த நிதியை முதலில் எடுப்பது

இந்த ஒரு படியில் வரிசை தவறினால் ஆயிரக்கணக்கான டாலர் போகும்.

செப்டம்பர் 11-க்குப் பிந்தைய ஜிஐ பில் பொதுவாக 36 மாதங்களுக்கு உண்டு. முழுத் தகுதி இருந்தால் அரசுக் கல்லூரியில் அம்மாநிலத்தவருக்கான கல்விக் கட்டணம் முழுவதும், ஆண்டுக்கு 1,000 டாலர் வரை புத்தகச் செலவு, மாதாமாதம் வீட்டு வாடகைப் படி ஆகியவை கிடைக்கும். தனியார் கல்லூரிக்கு ஆண்டு உச்சவரம்பு உண்டு. மிச்சத்தை ஈடுகட்ட யெல்லோ ரிப்பன் திட்டத்தில் கல்லூரி சேர்ந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

இன்னொன்று, அத்தியாயம் 31 என்று குறிப்பிடப்படும் மறுவாழ்வு மற்றும் வேலைவாய்ப்புத் திட்டம். சேவையால் ஏற்பட்ட பாதிப்பு குறைந்தது 10 சதவீதம் என்று விஏ நிர்ணயித்திருந்தால் இதற்கு விண்ணப்பிக்கலாம். கட்டணம் மட்டுமல்லாமல், படிப்புக்குக் கட்டாயமான சீருடை, ஸ்டெதஸ்கோப், உபகரணம் ஆகியவற்றையும் இது ஏற்கும்.

அத்தியாயம் 31-க்குத் தகுதி இருப்பவர் அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். 2021-இல் வந்த விதிமாற்றத்துக்குப் பிறகு, இதை முதலில் பயன்படுத்தினால் ஜிஐ பில் மாதங்கள் குறைவதில்லை. மாறாக ஜிஐ பில்லை முதலில் செலவழித்தால் அது அத்தியாயம் 31-இன் 48 மாதக் கணக்கில் கழிகிறது. மேலும், ஜிஐ பில்லில் ஒரு நாளாவது மீதம் இருந்தால்தான் அத்தியாயம் 31-இன் கீழ் படிக்கும்போது ஜிஐ பில் அளவிலான கூடுதல் படியைக் கேட்டுப் பெற முடியும். எனவே கணக்கைச் சுத்தமாகத் தீர்த்துவிடாதீர்கள்.

இதில் ஒரு தடை வரும். அத்தியாயம் 31-க்கு விஏ ஆலோசகரின் ஒப்புதல் தேவை. முதுகிலோ முழங்காலிலோ காயம் உள்ளவரைப் பார்த்து, "நோயாளியைத் தூக்கிப் புரட்டும் வேலை உங்களுக்கு எப்படிச் சரிப்படும்" என்று அவர் கேட்பார். பதில் இல்லாமல் போனால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். நோயாளர் நலன் ஒருங்கிணைப்பு, மனநலப் பிரிவு, தொலைபேசி வழி ஆலோசனை, தரக் கட்டுப்பாடு என்று உடல் சுமை குறைந்த செவிலியர் பணிகள் எத்தனையோ உண்டு. அவற்றை விளக்கிக் கல்லூரித் தாளில் ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். ஆசிரியர் எழுதிய ஒரு பக்கக் கடிதத்துக்கு அந்த மேசையில் மதிப்பு இருக்கிறது.

## 4. படைப்பணிக் கிரெடிட்டை அளந்து வாங்குங்கள்

தரைப்படையின் 68டபிள்யூ மெடிக், கடற்படையின் கார்ப்ஸ்மேன், விமானப்படையின் மருத்துவத் தொழில்நுட்பர் ஆகிய படை மருத்துவ உதவியாளர்களின் டிரான்ஸ்கிரிப்டில், எந்தப் பயிற்சிக்கு எவ்வளவு கிரெடிட் தரலாம் என்று அமெரிக்கக் கல்விக் குழுவான ஏசிஇ பரிந்துரைத்திருக்கும். அது பரிந்துரை மட்டுமே. ஏற்பதும் மறுப்பதும் கல்லூரியின் கையில்.

பதிவாளர் அலுவலகம் பெரும்பாலும் இவற்றை விருப்பப் பாடக் கிரெடிட்டாக ஏற்றுக் கணக்கை முடித்துவிடும். மாணவருக்கு அதனால் ஒரு பலனும் இல்லை. உடல் மதிப்பீடு, அடிப்படைச் செவிலியத் திறன்கள், சுகாதாரக் கல்வி போன்ற குறிப்பிட்ட பாடங்களுக்கு ஈடாக ஏற்க வேண்டுமென்றால், பாடத்திட்டத்தையும் பயிற்சி விவரத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, துறைத் தலைவருக்கு எழுத்தில் மனுக்கொடுக்க வேண்டும். ஒப்பீட்டை மாணவரே தயாரிக்கட்டும், நீங்கள் திருத்திக் கொடுங்கள். செய்முறைத் தேர்வு வைத்துக் கிரெடிட் தரும் வழி இருந்தால் அதையும் கேளுங்கள். அது இரு தரப்புக்கும் நியாயமானது.

கிடைக்கிறது என்பதற்காக எல்லாக் கிரெடிட்டையும் அள்ளிக்கொள்ள வைக்காதீர்கள். வீட்டு வாடகைப் படி, செமஸ்டரில் எத்தனை கிரெடிட் படிக்கிறார் என்பதைப் பொறுத்தது. முழுநேரம் 12 கிரெடிட் என்றால், 6 கிரெடிட் மட்டும் படிப்பவர் சரியாகப் பாதியில் நிற்கிறார். அவருக்குப் படியே கிடையாது. பாதிக்கு மேல் இருந்தால்தான் விகிதப்படி கிடைக்கும். செவிலியர் பாடங்கள் குறிப்பிட்ட செமஸ்டரில் மட்டுமே நடப்பவை. மற்றப் பாடங்களுக்கெல்லாம் கிரெடிட் வாங்கிவிட்டால், ஒரு செமஸ்டரில் படிக்க ஐந்து கிரெடிட்தான் மிஞ்சும், அந்த மாதங்களில் வாடகைக்கு வழி இருக்காது. பட்டத்துக்குத் தேவையில்லாத பாடத்தை இடையில் செருகி ஈடுகட்டவும் முடியாது, அதற்கு விஏ பணம் தராது.

ஆகவே பட்டம் முடியும் வரையிலான எல்லாச் செமஸ்டரையும் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கிரெடிட் எண்ணிக்கை, படி கிடைக்குமா, எத்தனை மாதம் கழியும் என்று குறியுங்கள். எந்தக் கிரெடிட்டை வாங்குவது, எந்தப் பாடத்தைப் படித்தே முடிப்பது என்பது அந்தத் தாளைப் பார்த்தால் தானாகத் தெரியும்.

## 5. முன்தகுதிப் பாடங்களை ஒன்றாகக் குவிக்காதீர்கள்

உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், வேதியியல், புள்ளியியல் ஆகியவை செவிலியர் பிரிவில் நுழைவதற்கு முன்பே முடிக்க வேண்டியவை. படையிலிருந்து வந்தவர் வேகமாக முடிக்கத் துடிப்பார். மூன்று அறிவியல் பாடங்களை ஒரே செமஸ்டரில் எடுக்க அனுமதி கேட்பார். கொடுக்காதீர்கள்.

படைப்பயிற்சியில் கற்பித்தது அன்றே செய்து பார்க்கப்படும், மறுநாள் சோதிக்கப்படும். கல்லூரியிலோ மூன்று வாரம் கேட்டதை ஒரே நாளில் தேர்வாக எழுத வேண்டும். இந்தப் பழக்கம் கைவர ஒரு செமஸ்டர் ஆகும். ஒரு கனமான அறிவியல் பாடமும் இரண்டு லேசான பாடங்களும் தொடக்கத்துக்குப் போதும். இந்தப் பாடங்களில் வாங்கும் மதிப்பெண்தான் செவிலியர் பிரிவில் இடம் கிடைப்பதைத் தீர்மானிக்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பல கல்லூரிகள் ஐந்து அல்லது ஏழு ஆண்டுக்கு முந்தைய அறிவியல் கிரெடிட்டை ஏற்பதில்லை. படையில் சேருமுன் முடித்த உடற்கூறியல் இன்னும் செல்லுமா என்று முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வகுப்புகள் எல்லாவற்றையும் இணையத்திலேயே எடுத்தால் வாடகைப் படி தேசிய சராசரியில் பாதியாகிவிடும். ஒரு வகுப்பாவது நேரில் போக வேண்டும்.

## 6. பதிவுசெய்த நாளிலிருந்து பணம் நிற்காமல் வர

ஒவ்வொரு கல்லூரியிலும் விஏ-வுக்கு மாணவரின் பதிவை உறுதிசெய்து அனுப்பும் ஓர் அலுவலர் இருப்பார். மாணவரை அவரிடம் அழைத்துப் போய் அறிமுகப்படுத்துங்கள். மின்னஞ்சல் முகவரியை மட்டும் கொடுத்து அனுப்பினால் அந்தச் சந்திப்பு பெரும்பாலும் நடப்பதில்லை.

மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை நான்கு. வாடகைப் படி மாதம் முடிந்த பிறகே வரும். ஆகஸ்டு மாதப் படி செப்டம்பரில்தான் கையில் கிடைக்கும். செமஸ்டர் இடைவெளி நாட்களுக்குப் படி கிடையாது, எனவே டிசம்பர், ஜனவரி மாதங்கள் மெலிந்தே இருக்கும். ஜிஐ பில்லில் படிப்பவர் தன் பதிவை மாதந்தோறும் உறுதிசெய்ய வேண்டும், தொடர்ந்து இரண்டு மாதம் விட்டுவிட்டால் படி நின்றுவிடும். நான்காவது, விஏ-விடமிருந்து கட்டணம் வரத் தாமதமானால், தகுதிச் சான்றைக் கொடுத்துள்ள மாணவரை 90 நாட்கள் வரை வகுப்பிலிருந்து நீக்கவோ அபராதம் விதிக்கவோ கல்லூரிக்கு உரிமை இல்லை. இது 2018-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பாதுகாப்பு. கட்டண அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கே இது தெரியாமல் இருக்கலாம்.

பாடத்தைக் கைவிடும் பேச்சு வரும்போது மிகவும் கவனமாக இருங்கள். ஆசிரியர்கள் வழக்கமாக, "தோற்பதைவிட விலகிவிடு, பட்டியலில் டபிள்யூ என்று மட்டும்தான் வரும்" என்பார்கள். மற்ற மாணவருக்கு அது நல்ல அறிவுரை. முன்னாள் படைவீரர் அப்படி விலகினால், தக்க காரணம் காட்டாதவரை, செமஸ்டரின் முதல் நாளிலிருந்து வாங்கிய பணத்தை விஏ திருப்பிக் கேட்கலாம். முதல் முறைக்கு ஆறு கிரெடிட் வரை காரணம் கேட்காமல் விடும் சலுகை ஒன்று உண்டு. அது வாழ்நாளில் ஒரே தடவைதான். கடைசிவரை வகுப்புக்கு வந்து தோற்றால் பொதுவாகக் கடன் விழாது. ஆனால் செவிலியர் படிப்பில் இரண்டு தோல்வி என்றால் பல கல்லூரிகள் வெளியே அனுப்பிவிடும். இந்த இரண்டு விதிகளுக்கும் நடுவில் மாணவர் சிக்கிக்கொள்கிறார். விலகும் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், பதிவை விஏ-வுக்கு அனுப்பும் அலுவலரையும் துறை ஆலோசகரையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். நோய், குடும்பத்தில் மரணம், படைக்கு மீண்டும் அழைப்பு போன்ற காரணங்கள் இருந்தால் அதற்கான காகிதத்தை அன்றே இணைக்க வேண்டும்.

## 7. காது, தூக்கம், தேர்வு அறை

விஏ-விடம் பதிவாகும் பாதிப்புகளில் முதலிடம் காது இரைச்சலுக்கு. துப்பாக்கி, ஹெலிகாப்டர், எஞ்சின் அறை ஆகியவற்றின் அருகில் ஆண்டுக்கணக்கில் இருந்த காதுகள் அவை. செவிலியர் மாணவருக்கு இதனால் என்ன சிரமம் என்பது திறன் ஆய்வகத்தில்தான் தெரியும். மற்றவர்கள் நுரையீரலின் அடியில் மெல்லிய ஈரக் கரகரப்பைக் கேட்டு எழுதும்போது இவர் தலையை ஆட்டிவிட்டு, பக்கத்து மாணவர் எழுதியதைப் பார்த்து எழுதுவார். ரத்த அழுத்தம் பார்க்கும்போது இவருடைய அளவு மட்டும் எப்போதும் வேறாக இருக்கும். திறமைக் குறைவு என்று மதிப்பெண் குறைக்கிறோம்.

ஒலியைப் பெருக்கும் மின்னணு ஸ்டெதஸ்கோப் ஒன்று இதைத் தீர்த்துவிடும். அதை அத்தியாயம் 31 வழியாகவோ விஏ-வின் செவித்திறன் பிரிவு வழியாகவோ கேட்டுப் பார்க்கலாம். முதல் ஆய்வக வகுப்பில் எல்லா மாணவர்களிடமும் பொதுவாக, "யாருக்காவது கேட்பதில் சிரமம் இருந்தால் ஒலியைப் பெருக்கும் ஸ்டெதஸ்கோப் இங்கே இருக்கிறது" என்று சொல்லி மேசையில் வையுங்கள். தனியாக அழைத்துக் கேட்டால் "ஒன்றும் இல்லை" என்பதே பதிலாக வரும்.

தேர்வுக்குக் கூடுதல் நேரம், தனி அறை, சுவரை முதுகுக்குப் பின்னால் வைத்த இருக்கை ஆகியவற்றுக்கு மாற்றுத்திறனாளர் உதவி அலுவலகத்தில் செமஸ்டர் தொடங்கும்போதே மனுக்கொடுக்க வேண்டும். ஏற்கெனவே எழுதி முடித்த தேர்வுக்கு அது பொருந்தாது. "என்னைவிட மோசமாக அடிபட்டவர்களுக்கு அது தேவைப்படும், எனக்கு வேண்டாம்" என்று பலர் மறுப்பார்கள். அந்த உதவிக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை, யாருடைய பங்கையும் அவர் எடுக்கவில்லை என்று சொல்லுங்கள். நான் பார்த்தவரை மனத்தை மாற்றுவது இந்த ஒரு விளக்கம்தான்.

## 8. மெடிக்காக யோசிப்பவரைச் செவிலியராக யோசிக்க வைத்தல்

மெடிக்குக்குக் கற்பித்தது, இளம் வயதினர், திடீர்க் காயம், வாகனம் வரும்வரை உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்ற சூழலுக்கு. முதலில் பெரும் ரத்தப்போக்கை நிறுத்து, பிறகு மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம் என்று அந்த வரிசை அவர் உடம்பில் ஊறியிருக்கிறது. வார்டில் இருப்பவரோ முதியவர். சர்க்கரை, இதயச் செயலிழப்பு, பழுதான சிறுநீரகம், ஒரு டஜன் மருந்து என்று எல்லாம் சேர்ந்தே இருக்கும்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். இதயச் செயலிழப்பு உள்ள 74 வயதுக்காரர். காலை எட்டு மணிக்கு, ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் கார்வெடிலால் மாத்திரை தர வேண்டும். ரத்த அழுத்தம் 92/56. செவிலியர் முதலில் என்ன செய்ய வேண்டும்?

முன்னாள் மெடிக்கின் கண், "நரம்பு வழியாக நீர்மம் ஏற்று" என்ற விடையில் போய் விழும். அவருடைய அனுபவத்தில் அந்த எண்ணுக்கு ரத்த இழப்பு என்றுதான் பொருள். இந்த நோயாளிக்கு நீர்மத்தை ஏற்றினால் நுரையீரல் நிரம்பும். அவர் செய்ய வேண்டியது, நேற்றைய, முந்தாநாளைய அளவுகளோடு ஒப்பிடுவது, தலைசுற்றல் உண்டா என்று கேட்பது, நுரையீரலைக் கேட்பது, நாடித்துடிப்பைப் பார்ப்பது, எந்த அளவுக்குக் கீழே மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஆணையைப் பார்ப்பது, பிறகு மாத்திரையை நிறுத்திவைத்து மருத்துவரிடம் சொல்வது.

இந்த இடத்தில் "நீங்கள் நினைத்தது தவறு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். "களத்தில் அது சரி. இந்த நோயாளிக்கு ஏன் ஆபத்து?" என்று கேளுங்கள். அவரே உடலியங்கியலைப் பேசத் தொடங்குவார். பழையதை அழிக்காமல் புதியதைச் சேர்க்கும்போதுதான் இவர்கள் வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். தவறிய ஒவ்வொரு கேள்வியின் பக்கத்திலும், "நான் நினைத்த நோயாளி யார், கேள்வியில் இருப்பவர் யார்" என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். சில வாரங்களில் தவறுகளின் வடிவம் அவருக்கே தெரிந்துவிடும்.

உரிமத் தேர்வான என்கிளெக்ஸ் 2023 ஏப்ரல் முதல் இதைத்தான் சோதிக்கிறது: அறிகுறிகளைக் கண்டுகொள்வது, அலசுவது, எது முக்கியம் என்று வரிசைப்படுத்துவது, தீர்வுகளை யோசிப்பது, செயல்படுவது, விளைவைப் பார்ப்பது. மெடிக் முதல் படியிலிருந்து ஐந்தாவது படிக்குத் தாவிவிடுவார். நடுப்படிகளை வாய்விட்டுச் சொல்ல வையுங்கள்.

மருத்துவரிடம் நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற வரிசையில் சொல்லும் எஸ்பார் முறையைக் கற்பிக்கும்போது, புதிதாகத் தொடங்காதீர்கள். காயம் பட்டவரை ஒப்படைக்கும்போது எப்படி அடிபட்டது, என்ன காயங்கள், அறிகுறிகள், செய்த சிகிச்சை என்று வரிசையாகச் சொல்லும் மிஸ்ட் அறிக்கை அவருக்கு மனப்பாடம். அதைப் பலகையில் எழுதி, பக்கத்தில் எஸ்பாரை எழுதுங்கள். புதிதாக வருவது கடைசிப் பகுதி மட்டும்: மருத்துவரிடம் தன் பரிந்துரையைச் சொல்லிக் கேட்பது. மேலதிகாரியிடம் அப்படிச் சொல்ல அவர் தயங்குவார். அதைத்தான் பல முறை பழக்க வேண்டும்.

படைப்பணியில் மருத்துவத் துறையிலேயே இல்லாதவரும் வருவார், மெக்கானிக், டிரைவர், ரேடியோ இயக்குநர் என்று. இந்தப் பகுதி அவர்களுக்குப் பொருந்தாது. முன்னாள் படைவீரர் என்றாலே மெடிக் என்று எண்ணிக்கொண்டு, "உங்களுக்குத்தான் தெரியுமே" என்று தாண்டிப் போகாதீர்கள்.

## 9. கிளினிக்கல் வார்டில்

பயிற்சி தொடங்குமுன் தடுப்பூசிச் சான்று, காசநோய்ச் சோதனை, பின்னணி விசாரணை, போதைப்பொருள் சோதனை ஆகியவை வேண்டும். விஏ மருத்துவர் எழுதிய வலி மாத்திரையோ தூக்க மாத்திரையோ சோதனையில் தெரிந்தால் மாணவர் பதறிவிடுவார். மருந்துச் சீட்டை முன்கூட்டியே தயாராக வைத்திருந்தால் பிரச்சினை இல்லை. மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் கஞ்சா மருத்துவமனைகளில் ஏற்கப்படாது என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லுங்கள்.

போர்க்களத்தில் நெஞ்சில் ஊசி செருகிக் காற்றை வெளியேற்றியவர், இங்கே ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் ஒரு மாத்திரை தரக்கூடாது. இது அவமதிப்பு இல்லை, உரிமச் சட்டம் என்று முதல் நாளே விளக்குங்கள். எதைத் தனியாகச் செய்யலாம், எதை மேற்பார்வையில் செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்று மூன்று பட்டியலாக எழுதிக் கொடுத்தால் அவர் அதை மீறமாட்டார். எழுதிய விதியை மதிப்பது அவர் பழக்கம். வார்டில் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்யும் எழுதாத வழக்கங்கள்தான் அவரைக் குழப்பும்.

தீக்காயப் பிரிவு, குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகியவற்றுக்கு அனுப்பும் முன், எங்கே போகப்போகிறோம் என்பதை எல்லா மாணவர்களுக்கும் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். வேறு வார்டு வேண்டும் என்று கேட்பவரிடம் காரணம் கேட்காதீர்கள்.

தேசியக் காவல்படையிலோ ரிசர்விலோ இன்னும் இருப்பவருக்கு மாதத்தில் ஒரு வார இறுதி பயிற்சி இருக்கும். ஆண்டு அட்டவணையை ஆகஸ்டிலேயே வாங்கி, மோதும் கிளினிக்கல் நாட்களுக்கு மாற்று நாளை எழுத்தில் உறுதிசெய்யுங்கள். விஏ மருத்துவமனைச் சந்திப்பைத் தள்ளிவைத்தால் அடுத்தது கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். அதையும் விடுப்புக் காரணமாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

## 10. சொல்லக் கூடாதவை, கவனிக்க வேண்டியவை

வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் எழுப்பி நன்றி சொல்லாதீர்கள். போர்க்காயம் பற்றிய பாடத்தில் "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று அழைக்காதீர்கள். அவர் விரும்பினால் தானாகச் சொல்வார். அங்கே என்ன பார்த்தீர்கள், யாரையாவது கொன்றீர்களா என்று சக மாணவர் கேட்டால் நீங்கள் குறுக்கிட்டு நிறுத்த வேண்டும்.

நேரம் தவறாதவர் தாமதமாக வருவது, முன் வரிசையில் இருந்தவர் கதவருகே மாறுவது, மின்னஞ்சலுக்குப் பதில் நிற்பது ஆகியவை முதல் அறிகுறிகள். இரண்டாவது வாரம்வரை காத்திருக்காமல் நேரில் பேசுங்கள். முதலில் பணத்தைப் பற்றிக் கேளுங்கள்: "இந்த மாதம் படி வந்ததா?" அது பேச எளிதான கேள்வி; மற்றவை அதன் பின்னாலேயே வரும். உயிரைப் பற்றிய கவலை எழுந்தால், 988 எண்ணை அழைத்து 1-ஐ அழுத்தினால் முன்னாள் படைவீரர்களுக்கான நெருக்கடி உதவி இரவு பகலாகக் கிடைக்கும். அவர் அழைத்துப் பேசி முடிக்கும்வரை பக்கத்தில் இருங்கள்.

தனிப்பயிற்சி தேவைப்பட்டால் விஏ மாதம் 100 டாலர் வரை, மொத்தம் 1,200 டாலர் வரை தருகிறது. கேட்பவர்கள் குறைவு. மேல் வகுப்பில் படிக்கும் இன்னொரு முன்னாள் படைவீரரோடு இணைத்துவிட்டால் அவர் சொல்வதை உடனே ஏற்பார். அப்படி யாரும் இல்லையென்றால் கல்லூரியில் மாணவ முன்னாள் படைவீரர் சங்கத்தின் கிளை இருக்கிறதா என்று பாருங்கள்.

## 11. கடைசி ஆண்டு

தேர்வில் கூடுதல் நேரம் பெற்றவர் என்கிளெக்ஸிலும் அதைக் கேட்கலாம். மாநிலச் செவிலியர் வாரியத்திடம் விண்ணப்பத்தோடு சேர்த்தே கேட்க வேண்டும். தேர்வு அனுமதி வந்த பிறகு கேட்டால் தேதி தள்ளிப்போகும். கல்லூரியில் அந்தச் சலுகையைப் பயன்படுத்திய ஆவணம் இருந்தால் எளிதில் கிடைக்கும். ஏழாவது பகுதியில் சொன்னதைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது படைப்பணியை மருத்துவமனைக்குப் புரியும் வார்த்தையில் எழுத உதவுங்கள். "படைப்பிரிவு மெடிக்" என்றால் பணியமர்த்துபவருக்கு ஒன்றும் தெரியாது. எத்தனை பேரின் உடல்நலத்துக்குப் பொறுப்பு, எந்த மருந்துகளைக் கையாண்டார், எத்தனை பேருக்குப் பயிற்சி தந்தார் என்று எழுத வேண்டும். படிக்கும்போதே வருமானம் தேவைப்படும் முன்னாள் மெடிக், கார்ப்ஸ்மேன்களுக்கு விஏ மருத்துவமனைகளில் இடைநிலைப் பராமரிப்புத் தொழில்நுட்பர் என்ற பணி உண்டு. பட்டம் முடிந்து அதே மருத்துவமனையில் செவிலியராக விண்ணப்பிக்கும்போது அந்த அனுபவம் பேசும்.

என்கிளெக்ஸ் கட்டணம் 200 டாலர். உரிமத் தேர்வுக் கட்டணத்தை ஜிஐ பில் வழியாகத் திரும்பப் பெற 22-0803 படிவம் இருக்கிறது. தேர்வில் தவறினாலும் கேட்கலாம். ரசீதைப் பத்திரமாக வைக்கச் சொல்லி, மாணவர் தேர்வுக்குப் பதிவுசெய்யும் அன்றே படிவத்தையும் அச்செடுத்துக் கொடுத்துவிடுங்கள்.